பலெர்மோவில் சாப்பிட்ட மூன்று நாட்கள்

என் கணவர் காணாமல் போய்ப் பதினோராவது மாதத்தில் நான் இத்தாலிக்குப் போனேன். ஒரு நகரத்தில் மூன்று நாட்கள் தங்கிச் சாப்பிடுவதற்காக. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்த நாட்களில் வெட்கமும் இருக்கவில்லை.

அவர் ஒரு அரிசி மில்லில் இயந்திரம் பார்ப்பவர். பெல்ட் அறுந்துபோனதால் புதிது வாங்கிவர ஓட்டமாவடிக்குப் போனார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸை மறித்து இரண்டு பேரை இறக்கினார்கள் என்று அதே பஸ்ஸில் வந்த ஒரு பெண் சொன்னாள். இறக்கியது யார் என்று கேட்டோம். "நான் அந்தப் பக்கம் பார்க்கல்ல" என்றாள். நானும் அவருடைய தாயான என் மாமியும் போகாத இடமில்லை. போன இடமெல்லாம் பெயரையும் வயதையும் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதம் அலைந்த பிறகு நான் மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். அழவில்லை. நான் அழாததைப் பற்றி அயலில் பேசிக்கொண்டார்கள் என்று பிறகுதான் தெரியவந்தது. அழ மாட்டேன் என்று நான் முடிவு எடுத்திருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டில் ருசியும் அதே நாட்களில்தான் நின்றுபோயிற்று. சோறு வயிற்றை நிறைக்கும். குழம்பு நனைக்கும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நான் வேலை செய்தது ஒரு நிவாரண நிறுவனத்தில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் மேற்கையை ஒரு நாடாவால் சுற்றி அளக்க வேண்டும். நாடாவில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்கள். சிவப்பில் நின்றால் அந்தப் பிள்ளை எங்கள் கஞ்சிக் கொட்டிலுக்கு வர வேண்டும். காலையில் பாதையில் ஏறி வாவியைக் கடப்போம். வள்ளங்களை இணைத்துப் பலகை போட்ட மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். இறங்கும் இடத்துச் சோதனைச் சாவடியில் சத்துமா மூட்டைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள். நாங்கள் மறுபடியும் அள்ளிக் கட்டுவோம். 

அந்த நிறுவனத்தில் ஒன்றரை வருடம் ஒரு டொக்டர் இருந்தார். இத்தாலிக்காரி, ஐம்பது வயதுக்கு மேல், கலியாணம் கட்டாதவர். மத்தியானம் என் சாப்பாட்டுப் பொதியை விரித்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். இறால் சொதி என்றால் உயிர். வாழையிலையை விரலால் வழித்து நக்குவார். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடப் பழகியிருந்தார். என் கணவர் காணாமல் போவதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டார். அலுவலகத்தில் யாரோ அந்தச் செய்தியை அவருக்கு எழுதியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கான உணவு பற்றி ரோமில் ஐந்து நாள் பயிற்சி என்று வந்தபோது மேலிடத்தில் என் பெயரைப் போட்டிருந்தார்கள். டொக்டரின் வேலை என்று நினைக்கிறேன். கூடவே அவருடைய கடிதமும் வந்தது. பயிற்சி முடிந்ததும் மூன்று நாட்கள் என் ஊருக்கு வா, உன் சாப்பாட்டை நான் எவ்வளவு தின்றேன், இனி என் முறை என்று இங்கிலீசில் எழுதியிருந்தார்.

போவதா என்று மாமியைக் கேட்டேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"போயிட்டு வா மனே. ரெண்டு பேர் இருந்து வழி பாத்தாலும் ஒண்டுதான், ஒராள் இருந்து பாத்தாலும் ஒண்டுதான்."

ரோமைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு நீளமான அறை, படம் காட்டும் சுவர், ஆபிரிக்காவிலிருந்து வந்த பெண்கள். அவர்களும் அதே நாடாவைத்தான் வைத்திருந்தார்கள்.

ஆறாம் நாள் காலையில் டொக்டர் ரயில் நிலையத்துக்கு வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து நெடுநேரம் விடவில்லை. பலெர்மோ ஒரு தீவில் இருக்கிறது, ரயிலோடு கடலைக் கடப்போம் என்றார். பின்னேரம் உண்மையாகவே ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி ஒரு கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். சனங்கள் ரயிலை விட்டிறங்கிப் படியேறிக் கப்பலின் மேல்தளத்துக்கு ஓடினார்கள். கடலைப் பார்க்கத்தான் ஓடுகிறார்கள் என்று நினைத்தேன். சாப்பிட ஓடியிருக்கிறார்கள். டொக்டரும் வரிசையில் நின்று கடதாசியில் சுற்றிய இரண்டு சோற்றுருண்டைகளோடு வந்தார். அரன்சினா என்று பெயர். மஞ்சள் சோற்றைப் பந்தாக உருட்டி, நடுவில் சீஸ் வைத்து, ரஸ்குத் தூளில் புரட்டிப் பொரித்திருந்தார்கள். கடிக்கக் கடிக்கச் சீஸ் நூலாக இழுபட்டது. டொக்டர் தன்னுடையதைத் தின்னாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கு" என்று தமிழில் சொன்னேன். அந்த இரண்டு சொல்லும் அவருக்குத் தெரியும்.

அவருடைய வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று நாளைக்கும் எந்த வேளை எங்கே என்ன சாப்பிடுவது என்று எனக்காக எழுதி வைத்திருந்தார். பயிற்சி வகுப்பின் நேரசூசி போலவே இருந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. அடுத்து என்ன செய்வது என்று நான் யோசிக்கத் தேவையில்லை.

சனிக்கிழமை முழுவதும் சந்தை. சிவப்புத் துணிப் பந்தல்களின் கீழ் சனம் நெருக்கியடித்தது. வாளைப் போல மூக்கு நீண்ட ஒரு மீனின் தலையை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கடைக்காரர்கள் கத்துவது எங்கள் மீன் சந்தையில் ஏலம் கூறுவதைப் போலத்தான் இருந்தது. கடலைமாக் களியைத் தகடாக வெட்டிப் பொரித்துப் பாண் ரொட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். தின்றேன். கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து வினாகிரியும் சீனியும் போட்டுப் பிரட்டிய ஒன்றைத் தந்தார்கள். எங்கள் பறங்கியர் வீட்டு மோஜு மாதிரி இருந்தது. 'மோஜு' என்று மனதுக்குள் பெயர் வந்தது, ருசி வரவில்லை. பக்கத்தில் ஒரு தாய் கைப்பிள்ளையோடு நின்றாள். அந்தப் பிள்ளையின் மேற்கையைப் பார்த்தேன். பச்சை. அதற்குப் பிறகு சந்தையில் கண்ட பிள்ளைகளின் கைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன். எல்லாம் பச்சை.

ஒரு மூலையில் மாட்டு மண்ணீரலை அவித்து, கொழுப்பில் வாட்டி, பாணுக்குள் அடைத்து விற்றார்கள். அது தாளில் இல்லை. நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்று டொக்டருக்குத் தெரியும், தனக்கு மட்டும் ஒன்று வாங்கினார். எனக்கும் தாருங்கள் என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டு அடுப்பில் மாட்டிறைச்சி ஏறியதே இல்லை. நான் வாங்கி, கடைசித் துண்டு வரை தின்று, விரலைத் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

டொக்டர் என் கையைப் பிடித்து அடுத்த மூலைக்குக் கூட்டிப் போனார். ஒரு வண்டிக்காரன் தடித்த தோலுள்ள பெரிய எலுமிச்சைகளைத் துண்டு போட்டு உப்புத் தூவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். டொக்டர் ஒரு துண்டை வாங்கி என் வாய்க்கு நேரே நீட்டினார். கடித்தேன். படுவான்கரையில் பிள்ளைகளைப் பார்ப்பது போல என் தாடையைப் பிடித்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எச்சில் ஊறுகிறது. நாக்கில் குறையில்லை" என்றார் இங்கிலீசில். பிறகு, "எப்போதிலிருந்து?" என்று கேட்டார்.

"பங்குனியிலிருந்து" என்றேன்.

அவருக்குப் பங்குனி என்றால் எந்த மாதம் என்று தெரியும், அந்த மாதத்தில் என்ன நடந்தது என்றும் தெரியும். அங்கேயே ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச எலுமிச்சையையும் தின்று முடித்தேன். அவர் கவலைப்படுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்றும் விளங்கியது. சொல்லவில்லை. 

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய அம்மா வீட்டில் விருந்து. கனத்த உடம்பு, கால் வீக்கத்தால் நாற்காலியை விட்டு எழும்ப முடியாத அம்மா. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு தன் பாஷையில் நிறையச் சொன்னார். டொக்டர் மொழிபெயர்க்காமல் சிரித்தார். உனக்கு ஒரு சந்தோசம் வைத்திருக்கிறேன் என்றார். சமையலறைக் கதவு திறந்தது. பெரிய தட்டைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நெற்றியில் சின்னப் பொட்டு. காதில் நம்முடைய தோடு. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

தட்டை மேசையில் வைத்துவிட்டு, "நீங்க எவடம்?" என்று கேட்டாள்.

"மட்டக்களப்பு."

"அது டொக்டர் சொன்ன. மட்டக்களப்பில எவடம்?"

சொன்னேன். அந்த அக்கா தேற்றாத்தீவு. இரண்டு வருடமாக அந்த அம்மா வீட்டில் துப்புரவாக்கி, சமையலுக்கு உதவி செய்துகொண்டிருந்தார். ஞாயிறு அவருக்கு லீவு. எனக்காக வந்திருக்கிறார்.

நான் மேசையில் இருக்க அவர் நின்று பரிமாறினார். டொக்டரின் அம்மா அவரையும் இருக்கச் சொல்லிக் கையால் மேசையில் தட்டினார். அவர் இல்லையில்லை என்று தலையாட்டி, கடைசியில் கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். சாளை மாதிரிச் சின்ன மீனை மசித்து, பெருஞ்சீரகச் செடியின் இலையும் முந்திரிகை வற்றலும் போட்டுப் பிரட்டிய நூடில்ஸ். முள்ளுக்கரண்டியில் அதை எப்படிச் சுற்றுவது என்று எனக்குக் காட்டித் தந்தார். "நானும் முதல் மாசம் கையாலதான் தின்ட" என்றார். பிறகு மீன் வந்தது, பிறகு இனிப்பு வந்தது. எல்லாவற்றையும் தின்றேன். டொக்டர் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

கோப்பைகளைக் கழுவ அந்த அக்காவோடு நானும் எழும்பிப் போனேன். குழாயடியில் நின்று அவர் தன் கதையைச் சொன்னார். புருசன் வாவியில் வலை போடப் போன இடத்தில் துப்பாக்கிச் சூடுபட்டுச் செத்தவர். ஒன்பது வயதில் ஒரு மகள். அவளைத் தன் தங்கச்சியிடம் விட்டுவிட்டு ஏஜென்சி மூலம் வந்தவர். கடிதம் வந்துசேர இரண்டு மாதம், சிலவேளை வருவதேயில்லை. இவ்வளவையும் சாதாரணமாகச் சொன்னார். நானும் என்னுடையதைச் சாதாரணமாகச் சொன்னேன். பிறகு அவர் கையைத் துடைத்துவிட்டுச் சட்டைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்தார். ஸ்டூடியோவில் எடுத்தது. மணிக்கட்டு வரை நீளக் கைச் சட்டை போட்ட ஒரு பிள்ளை.

"இந்தப் படத்த ஒருக்காப் பாருங்க. அந்த வெயிலுக்க ஆராவது நீட்டுக் கை போடுவாங்களா? முந்தி அனுப்பின படத்திலயும் நீட்டுக் கைதான். புள்ள மெலிஞ்சு போய்த்தாள், அதை மறைக்கத்தான் என்ட தங்கச்சி போட்டு அனுப்புறாள். நான் அனுப்புற காசு புள்ளக்குப் போகுதோ தெரியா."

நான் படத்தைப் பார்த்தேன். முகம் மெலிவாகத் தெரியவில்லை. ஆனால் முகத்தை வைத்துச் சொல்ல முடியாது.

"நீங்க புள்ளையளிட கை அளக்கிற ஆளாமே. போய் அவளிட கையையும் அளந்து எழுதுங்க."

எங்களுடைய நாடா ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, ஒன்பது வயதுக்கு அந்த நிறங்கள் சரிவராது என்றேன்.

"நிறம் வேணா. ஒரு நூலால சுத்தி, அளவா வெட்டி, அந்த நூலக் கடிதத்துக்க வைங்க. நான் பாத்தா எனக்குத் தெரியும்."

செய்கிறேன் என்றேன். அவர் என் தோளில் முகத்தை வைத்து அழுதார். என் தோள் நனைந்தது. நான் ஈரக் கையோடு நின்றேன். அவர் முதுகில் கையை வைக்க வேண்டும் என்று தெரிந்தது, வைத்தேன்.

அன்று பின்னேரம் அந்த அக்கா தன்னுடைய அறைக்குக் கூட்டிப் போய் எனக்குச் சோறாக்கித் தந்தார். மாசிக் கருவாட்டுச் சம்பல், பருப்பு, முருங்கையிலைக்குப் பதில் ஏதோ ஒரு கீரை. ஊர்ச் சாப்பாடு என்றால் என் நாக்கு வேலை செய்யும் என்று டொக்டர் அவரிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். இரண்டு பேரும் வாசலோரம் இருந்து நான் பிசைவதைப் பார்த்தார்கள். சம்பலின் உறைப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. டொக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உறைப்புக்கு வந்த தண்ணீர்தான் அது. துடைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதும் அங்கே சோறு கிடைத்ததா என்று மாமி கேட்டார். கிடைத்தது, உருண்டையாகப் பொரித்துத் தருவார்கள் என்றேன். அவர் அதிகம் கேட்கவில்லை. நான் போயிருந்தபோது மறியலில் இருந்து விடுதலையாகி வந்த ஒருவனிடம் மகனைப் பற்றி விசாரிக்க ஏறாவூர் வரை போய்வந்திருக்கிறார். ஒன்றுமில்லை. 

அடுத்த சனிக்கிழமை தேற்றாத்தீவுக்குப் பஸ் ஏறினேன். கடற்கரைப் பக்கமாக ஒரு கிடுகு வீடு. தங்கச்சிக்காரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அக்காவைக் கண்டேன் என்றதும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். நூல் விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. பிள்ளை உள்ளேயிருந்து வந்தாள். அப்போதும் நீளக் கைச் சட்டைதான்.

கையை மடித்துவிடச் சொன்னேன். சின்னம்மாவைப் பார்த்தாள். பிறகு தானாகவே மடித்தாள். முழங்கையிலிருந்து தோள் வரை நெருப்புச் சுட்ட தழும்பு. ஷெல் விழுந்த ஒரு நாளில் எல்லோரும் பங்கருக்குள் நெருக்கியடித்து இறங்கியபோது குப்பி விளக்குச் சரிந்து பிள்ளையின் சட்டையில் பிடித்திருக்கிறது. கை மெலிந்திருக்கவில்லை. நல்ல உருண்டைக் கை.

"எழுதிராதீங்க மிஸ்" என்றாள் தங்கச்சிக்காரி. "அக்கா தனிய இரிக்கா. தெரிஞ்சா விசராகிருவா. என்னை நம்பி விட்டுட்டுப் போன புள்ள. நான்தான் விளக்கப் பிடிச்சிக்கிட்டு இருந்த."

அவள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. தையல் பெட்டியிலிருந்து வெள்ளை நூல் எடுத்து வரச் சொன்னேன். தழும்பின் மேலேயே சுற்றி அளந்தேன். நோகுதா என்று கேட்டேன்.

"இல்ல மிஸ்" என்றாள் பிள்ளை.

அளந்துகொண்டிருக்கும்போதே அம்மா அங்கே என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். சோற்றுருண்டையிலிருந்து மீன் போட்ட நூடில்ஸ் வரை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மண்ணீரல் பாணுக்கு முகத்தைச் சுளித்தாள்.

"எல்லாம் ருசியா மிஸ்?"

எல்லோருக்கும் சொன்னதையே அவளுக்கும் சொல்லியிருக்கலாம். "எனக்குத் தெரியா. கொஞ்ச நாளா எனக்கு ருசி தெரியிறதில்ல" என்றேன்.

அவள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தன் தழும்பை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினாள்.

"எனக்கும் இவடத்தில அப்பிடித்தான். கிள்ளினாலும் தெரியா. இஞ்ச பாருங்க, இன்னும் கொஞ்சம் கீழ கிள்ளினா நோகும்."

கிளம்பும்போது அம்மாவுக்கு என்ன எழுதட்டும் என்று அவளிடமே கேட்டேன். "எல்லாத்தையும் எழுதுங்க" என்றாள். தங்கச்சிக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அன்றிரவு எழுதாமல் திங்கட்கிழமை அலுவலக மேசையில் இருந்து எழுதினேன். எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வந்த அந்தப் பெண் எங்களிடம் பாதியைச் சொல்லி மீதியை வைத்துக்கொண்டாள். அந்த மீதியை மாமி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக நிரப்பிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆகவே விளக்குச் சரிந்தது, தழும்பின் நீளம், கை மெலியாதது, விளக்கைப் பிடித்திருந்தவள் யார், அவள் எப்படிக் கெஞ்சினாள் என்பது வரை எழுதி, நூலை மடித்து உள்ளே வைத்தேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. நூலைப் பார்த்தாராம், போதுமாம். தங்கச்சியைத் திட்டி ஒரு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டாராம். டொக்டர் ஒரு களிம்பு அனுப்பியிருந்தார். நான் தேற்றாத்தீவுக்கு எடுத்துப் போனேன். தங்கச்சிக்காரி வாங்கிக்கொண்டாள், என்னை உள்ளே கூப்பிடவில்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு பிள்ளை இத்தாலிக்குத் தாயிடம் போனாள். அதற்கடுத்த மாதம் அந்தத் தங்கச்சிக்காரி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, வேலை ஏதும் உண்டா என்று கேட்டாள். கஞ்சிக் கொட்டிலில் ஆள் தேவைப்பட்டது. அதன் பிறகு ஆறு வருடம் பாதையில் ஏறி வாவியை ஒன்றாகக் கடந்தோம், ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சினோம். அந்தக் கடிதத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மாமி செத்துப்போனார்.

கஞ்சி கொதித்து வரும்போது அவள் அகப்பையில் கொஞ்சம் எடுத்து ஊதி என் பக்கம் நீட்டுவாள். நான் குடித்துப் பார்த்து உப்புக் காணாது, இன்னும் போடு என்பேன், அல்லது காணும், போதும் என்பேன். எந்த நாளிலிருந்து அப்படிச் சொல்லத் தொடங்கினேன் என்று எனக்குத் தெரியாது. அவள் உப்புப் போடுவாள். பிள்ளைகள் கோப்பையோடு வரிசையில் வரத் தொடங்குவார்கள்.